நாலாம் தேதி வாத்தியார்

(ஆசிரியர் நாளை ஒட்டித் திருத்தணியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



செப்டம்பர் மாதத்தில் திருத்தணிக்குப் பேச வருகிறவனுக்குத் தலைப்பு தேடுகிற வேலையே கிடையாது. ஊரே எடுத்துக் கையில் கொடுத்துவிடும். 1888 செப்டம்பர் 5ஆம் தேதி இந்த ஊரில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசலாம். பொன்னாடையை வாங்கிக்கொள்ளலாம். மலைக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு அரக்கோணம் வண்டியைப் பிடிக்கலாம். நானே இரண்டு முறை அப்படிச் செய்தவன்தான். இந்த முறை அழைத்தவர்களிடம், "ஒரு நாள் முன்னால் போய், செப்டம்பர் 4ஐப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "அன்னிக்கு என்னங்க விசேஷம்?" என்றார்கள். "ஃபுட்பால்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு பெருந்தன்மையோடு, "சரிங்க, வாங்க" என்றார்கள்.

விசேஷம் இதுதான். இராதாகிருஷ்ணன் 1962 மே மாதம் குடியரசுத் தலைவரானார். அவருடைய பிறந்த நாளை ஆசிரியர் நாளாக நாடு முதன்முதலில் கொண்டாடியது அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று. அதற்கு முந்தைய நாள் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதியாட்டம் நடந்தது. இந்தியா தென் கொரியாவை 2–1 என்று தோற்கடித்துத் தங்கம் வென்றது. அந்த அணிக்குக் கோச்சாக இருந்தவர் பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்க்கையைத் தொடங்கிய ஐதராபாத்துக்காரர் ஒருவர். சையத் அப்துல் ரஹீம் என்று பெயர். ரஹீம் சாப் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நாட்டின் முதல் ஆசிரியர் நாள் விடிந்தபோது, ஒரு வாத்தியார் வாங்கிக் கொடுத்த தங்கத்துக்கு ஒரு ராத்திரிதான் வயது.

இந்த இரண்டு தேதிகளும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தது தற்செயல். அதில் தெய்வச் செயலைத் தேட நான் வரவில்லை. ஆனால் இராதாகிருஷ்ணன் சென்னை மாநிலக் கல்லூரியில் பாடம் சொல்லத் தொடங்கிய 1909ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்ட் 17 அன்று, ரஹீம் பிறந்தார் என்று பார்த்தபோது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வந்தது.

'ஐதராபாத்துக்காரர் கதை திருத்தணிக்கு எதற்கு?' என்று சிலர் நினைக்கலாம். 1956 நவம்பர் 1ஆம் தேதி ஆந்திரப் பிரதேசம் உருவானது. தலைநகர் ஐதராபாத். திருத்தணி அப்போது சித்தூர் மாவட்டத்தில், ஆந்திரத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது. ஆக, மூன்று ஆண்டு ஐந்து மாதம் இந்த ஊர்க்காரர்கள் சட்டப்படி ரஹீமின் மாநிலத்துக்காரர்கள். அவர் பயிற்றுவித்த அணி மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அரையிறுதிக்குப் போனது அந்த மூன்றரை ஆண்டுக்குள்தான். எல்லைக்காகப் போராடிச் சிறை சென்ற ம.பொ.சி. என்னை மன்னிக்க வேண்டும். ஊரைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பெருமையில் ஒரு பங்கு மட்டும் கேட்கிறேன்.

ரஹீம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். மாணவராக இருந்தபோது பல்கலைக்கழக அணியில் ஆடினார். பி.ஏ. முடித்துவிட்டுக் காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று வாத்தியார் வேலை பார்த்தார். நடுவில் உடற்கல்வி டிப்ளமோ வாங்கிக்கொண்டு விளையாட்டுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். நம் ஊரில் பி.இ.டி. மாஸ்டர் என்று சொல்வோமே, அந்த வேலை. அந்த வேலையின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் வந்து, "உங்க பீரியடை நான் எடுத்துக்கட்டுமா?" என்பார். எடுத்துக்கொண்ட பிறகுதான் கேட்பார்.

1943இல் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளரானார். 1950இல் ஐதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குக் கோச். கடைசி மூச்சு வரை அந்த அணியை விடவில்லை. போலீஸ் அணி பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் எல்லாம் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. கோப்பைக் கணக்கை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

எனக்குச் சொல்ல ஆசையாக இருப்பது வேறு ஒரு சமாச்சாரம். ரஹீம் ஐதராபாத்தில் பையன்களுக்கு விசித்திரமான போட்டிகள் நடத்தினார். ஒன்று, பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டிய போட்டி. வலது கால்காரன் இடது காலால்தான் உதைக்க வேண்டும். இன்னொன்று, டிரிப்ளிங்கே கூடாத போட்டி. பந்து வந்தால் உடனே தள்ளிவிட வேண்டும். காலில் வைத்துக்கொண்டு இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுப் போகிற வேலை செல்லாது.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இன்று சாயங்காலம் மலைப்படியில் ஏறிப் பாருங்கள். மொத்தம் 365 படி. முதல் ஐம்பது படி இரண்டு காலும் மாறி மாறி ஒழுங்காக வரும். நூறு தாண்டிய பிறகு, என்னைப் போன்றவர்களைக் கவனித்தால் தெரியும், ஒரே கால்தான் எப்போதும் முன்னால் போகும். மற்றக் கால் கூடவே இழுபட்டு வரும். களைத்துப்போன உடம்பு தனக்குப் பழகிய காலைத்தான் நம்பும். கால்பந்திலும் அப்படியேதான். எழுபதாவது நிமிஷத்தில், மூச்சு வாங்கும்போது, வலது கால்காரனிடம் பந்து இடது பக்கமாக வந்தால் அவன் உடம்பைத் திருப்பி வலது காலுக்குப் பந்தை மாற்றுவான். ஒரு விநாடி போயிற்று. எதிரணியின் டிஃபெண்டருக்கு அந்த ஒரு விநாடி போதும். அதோடு, இவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதும் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். பாதி மைதானத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஆடுகிற ஆட்டம் அது.

டிரிப்ளிங்கைத் தடுத்ததற்குக் காரணம் இன்னும் நுட்பமானது. நம் ஜனங்களுக்கு டிரிப்ளிங் என்றால் உயிர். மூன்று பேரைத் தாண்டி ஒருவன் பந்தைக் கொண்டுபோனால் கோல் விழாவிட்டாலும் விசில் பறக்கும். அந்த விசிலுக்காகவே ஆடிக் கெட்டுப்போன பையன்கள் ஏராளம். எந்தக் காலும் பந்தைவிட வேகமாக ஓடாது. நான்கு பேர் ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டினால், பந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு எதிராளி வந்து சேருவதற்குள் ஆட்டம் வேறு பக்கம் போய்விடும். ரஹீம் இதைப் பேசிப் புரியவைக்கவில்லை. பேசினால் பதினைந்து வயதுப் பையன் கேட்பானா? விதியை மாற்றி, ஒரு போட்டி வைத்து, ஜெயிக்கிற ஆசையை அதன் பின்னால் கட்டிவிட்டார். பையன் ஜெயிப்பதற்காக ஆடினான். பாடம் காலில் ஏறிவிட்டது. இதைத்தான் வாத்தியார் மூளை என்று நான் சொல்லுவேன். போர்டில் சூத்திரம் எழுதிப் போடுகிறவரும் வாத்தியார்தான். ஆனால் கணக்கைப் பையனே போட்டுவிடுகிற மாதிரிக் கேள்வியை அமைக்கிறவர் வேறு ஜாதி.

துளசிதாஸ் பலராமன் கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1936இல் செகந்திராபாத் பக்கத்தில் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பலராம். வீட்டில் வசதி இல்லை. அவர் ஆடுவதைப் பார்த்துப் பயிற்சிக்கு வரச் சொன்னார் ரஹீம். செகந்திராபாத்திலிருந்து தினமும் ஐதராபாத்துக்கு வந்து போகக் காசு இல்லை என்றார் பையன். வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு வர ரஹீம் காசு கொடுத்தார். பின்னாளில் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, பலராம் என்று மும்மூர்த்திகளாக நாடே சொன்ன பெயர்களில் ஒன்று அந்தச் சைக்கிளில் வந்ததுதான். பலராம் 2023 பிப்ரவரியில் மறைந்தபோது நம் பத்திரிகைகளில் எத்தனை பேர் அவரைத் தமிழர் என்று கவனித்தார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொரு தமிழர் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். அவரும் ஐதராபாத் பக்கத்துப் பிள்ளைதான். ராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் சென்டர் ஃபார்வர்டாக ஆடத் தொடங்கியவர், பிறகு கோலுக்கு மாறினார். ஆறடிக்கு மேல் உயரம். கோல் போடத் தெரிந்தவனுக்குத்தான் கோலைத் தடுக்கவும் தெரியும் என்று நாங்கள் மைதானத்தில் அவரைக் காட்டிப் பேசிக்கொள்வோம்.

ரஹீமைத் தோல்வியே அறியாத மகானாக்கிவிட வேண்டாம். 1951இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1–0 என்று வென்று தங்கம் வாங்கினார். மேவாலால் போட்ட கோல். அடுத்த ஆண்டே ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று உதை வாங்கினார். பத்து கோல்! பனி நாட்டுக் குளிரில் நம் ஆட்களில் பலர் பூட்ஸ் போடாமல் ஆடினார்கள். 1948 லண்டனில் வெறுங்காலோடு பிரான்சை நடுங்கவைத்தோம் என்ற பெருமை அப்போது எல்லோர் தலையிலும் இருந்தது. அந்தப் பெருமைதான் ஹெல்சின்கியில் வழுக்கி விழுந்தது. பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

பத்து கோல் வாங்கிய வாத்தியார் என்ன செய்வார்? சாதாரணமாகப் பையன்களைத் திட்டுவார், மைதானத்தைத் திட்டுவார், ரெஃப்ரீயைத் திட்டுவார். ரஹீம் படித்தார். அந்த ஹெல்சின்கியில் தங்கம் வாங்கியது ஹங்கேரி. சென்டர் ஃபார்வர்டு கோல் முன்னால் நிற்காமல் பின்வாங்கி வந்து ஆடும் அவர்களுடைய முறை ஐரோப்பாவையே குழப்பிக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டு கழித்து மெல்போர்னில் இந்திய அணி அதே மாதிரியான ஆட்டத்தை ஆடியது.

மெல்போர்னில் முதல் சுற்றில் எதிராளி வரவில்லை, நேராகக் காலிறுதி. அதிர்ஷ்டம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் 1956 டிசம்பர் 1 அன்று போட்டி நடத்தும் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4–2 என்று வென்றது அதிர்ஷ்டம் இல்லை. நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் போட்ட முதல் ஆசியர் அவர். அரையிறுதியில் எதிரே வந்தது அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் நம்முடையது! டிசூசாதான் போட்டார். கடைசியில் 4–1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3–0. நான்காம் இடம். பத்துக்கு ஒன்று, நான்காண்டில் நான்குக்கு ஒன்றாயிற்று என்று ஒரு பையனின் மார்க் ஷீட்டைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தால், தேறியிருக்கிறான் என்றுதான் கையெழுத்துப் போடுவேன்.

1960 ரோமில் பிரான்சோடு 1–1 சமன் செய்தார்கள். ஹங்கேரியிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். ரோம் அணியில் ரஹீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். அவரைக் களத்தில் இறக்கவில்லை. மகனைச் சேர்த்ததைக் குறை சொல்ல நினைத்தவர்களுக்கும், சேர்த்துவிட்டு ஆடவிடவில்லையே என்று வருந்தியவர்களுக்கும் அவர் பதில் சொன்னதாக நான் படித்ததில்லை.

இனி ஜகார்த்தா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அந்தப் போட்டிக்கு வரவிடவில்லை. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் இருந்த நம் நாட்டு ஜி.டி. சோந்தி அதைக் கடுமையாக எதிர்த்தார். உடனே ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது. இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. ஒரு லட்சம் பேர் கொள்ளும் செனயான் ஸ்டேடியத்தில் நம் ஆட்கள் பந்தைத் தொட்டாலே கூச்சல். இதற்கு நடுவில் அணியின் நிலைமையோ பரிதாபம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2–0 தோல்வி. தாய்லாந்தோடு ஆடும்போது ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து ஆறு தையல். கோல்கீப்பர் தங்கராஜுக்குக் காய்ச்சல்.

ரஹீம் என்ன செய்தார் பாருங்கள். தலையில் தையல் போட்ட ஜர்னைலைப் பின்னால் நிறுத்தினால் ஒவ்வொரு உயரப் பந்தையும் தலையால் முட்ட வேண்டிவரும். ஆனால் அவரைப் போன்ற மலையை வெளியே உட்காரவைக்கவும் மனசில்லை. ஆகவே முன்னால் கொண்டுபோய்ச் சென்டர் ஃபார்வர்டாக்கினார்! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார்; இந்தியா 3–2. இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியா. காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜைக் கோலுக்கு அழைத்தார். பி.கே. ஒரு கோல், சற்று நேரத்திலேயே ஜர்னைல் ஒரு கோல். கடைசி நிமிடங்களில் கொரியர்கள் ஒன்றைத் திருப்பினார்கள். 2–1. சில நாள் முன்னால் தங்களை அடித்த அணியையே திருப்பி அடித்தார்கள். ஒரு லட்சம் பேர் கூச்சலிட்ட அந்த மைதானத்தில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் நமக்காகக் கைதட்டினார்கள் என்று நம் ஆட்டக்காரர்கள் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

ஆட்டத்துக்கு முந்தைய இரவு ரஹீம் வீரர்களைக் கூட்டி, நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கத்தை வென்று கொடுங்கள் என்று கேட்டாராம். அவர் உடம்பில் அப்போது புற்றுநோய். 1963 ஜூன் 11 அன்று காலமானார். ஐம்பத்து மூன்று வயது. கோச்சுகளுக்கென்று துரோணாச்சாரியார் விருது என்று ஒன்றை அரசு ஏற்படுத்தியது அவர் போய் இருபத்திரண்டு ஆண்டு கழித்து. 2024இல் 'மைதான்' என்று இந்தியில் படம் வந்தது. அஜய் தேவ்கன் நடிப்பு, நம் ஏ.ஆர். ரஹ்மான் இசை. படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இறுதியாட்டத்துக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை அந்த இடதுகால் போட்டிக்குக் கொடுத்திருக்கலாம் என்று தியேட்டரில் எனக்கு ஆதங்கம். படம் எடுப்பவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்கும் கோச் என்றால் கடைசி நிமிஷத்தில் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற ஆள்தான் ஞாபகம் வருகிறார். காலி மைதானத்தில் விடியற்காலை சுண்ணாம்புக் கோடு போடுகிற ஆள் ஞாபகம் வருவதில்லை.

எனக்கு அப்படி ஒருவர் இருந்தார். நான் படித்த கல்லூரியின் பிசிகல் டைரக்டர். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்தவர். ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய கல்லூரி அது; தமிழ்நாட்டு மைதானங்களுக்கு மூன்று தலைமுறை வாத்தியார்களை அனுப்பிய இடம். எங்கள் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை ரயிலேற்றி இங்கே கூட்டிவந்து இந்த 365 படியை ஏறவைப்பார். முதல் தடவை வலது காலை முன்வைத்து. இறங்கி வந்து, சரவணப் பொய்கைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு, இரண்டாம் தடவை இடது காலை முன்வைத்து. எதற்கு என்று அன்று சொல்லவில்லை. சாமிக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டோம். ரஹீமைப் பற்றிப் படித்தபோதுதான், ஏறக்குறைய நாற்பது வருஷம் கழித்து, எனக்குப் புரிந்தது. நான் மாவட்டத்தைத் தாண்டி ஆடியவன் இல்லை. ஆனால் இன்றைக்கும் என் இடது கால் வலதுக்குச் சளைத்ததில்லை. மூட்டு வலி இரண்டிலும் சமமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் அந்தக் கல்லூரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். கோல் போஸ்ட் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். விளையாட்டுத் துறை அறையில் கோப்பைகளைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த இளைஞர் நல்லவர். விளையாட்டு ஒதுக்கீட்டுச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போடவும், ஆண்டுவிழாவுக்குப் பந்தல் மேற்பார்க்கவுமே பொழுது சரியாக இருக்கிறது என்றார்.

1962க்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கவில்லை. 1970இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம். அதற்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ரஹீமின் மாணவர் பி.கே. பானர்ஜியும் ஒருவர். பிறகு பதக்கமே இல்லை. இதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள், பணம், லீக், சம்மேளனம் என்று. இருக்கட்டும். பதினைந்து வயதில் இடது காலைப் பழக்காதவனுக்கு இருபத்தைந்து வயதில் எத்தனை கோடி கொடுத்தாலும் அந்தக் கால் வராது. அதனால் நான் டெல்லியைப் பார்த்து எதுவும் கேட்கப்போவதில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற முதல்வர் ஐயாவைப் பார்த்துக் கேட்கிறேன்.

ஐயா, நாளைக்கு ஆசிரியர் நாளுக்கு மாலை, மேடை எல்லாம் இருக்கட்டும். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் மைதானத்தை இரண்டு மணி நேரம் பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். வலது கால்காரர்கள் எல்லோரும் இடது காலால் ஆடட்டும். கணக்கு சார் அந்தப் பீரியடைக் கேட்டால் கொடுக்காதீர்கள். அவரையும் ஆடச் சொல்லுங்கள். பந்து நான் வாங்கி வந்திருக்கிறேன், மேடைக்குக் கீழே அந்த மஞ்சள் பையில் இருக்கிறது. காற்று அடித்துத்தான் வைத்திருக்கிறேன்.